மீரிகமவில் பயிர், மலையகத்தில் வழக்கு: கஞ்சாச் சட்டம் குறித்த இழை

கேள்வி: பொகவந்தலாவை வாசகர்
2025 செப்டெம்பர் 6

கம்பஹா மாவட்டத்து மீரிகமவில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அரசாங்கம் அனுமதி வழங்கியிருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். கனடாவில் சட்டபூர்வம், ஜேர்மனியில் சட்டபூர்வம், இனி இலங்கையிலும் அப்படித்தான் ஆகும் என்று எங்கள் தோட்டத்துப் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். தேயிலையால் வயிறு நிறையாத காலத்தில் மலையகத்திலும் இதைப் பயிரிட்டால் என்ன? இது நன்மையா, தீமையா? விவரம் தெரிந்தவர்கள் எழுதவும்.

2025 செப்டெம்பர் 7

தம்பி, உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: வெளிநாட்டுக்கு மருந்துப் பயிராக விற்பது, உள்நாட்டில் கடை வைத்து விற்பது, சட்டைப்பையில் ஒரு பொட்டலம் வைத்திருப்பவனைத் தண்டிப்பது. இவற்றில் முதலாவது மட்டுமே இப்போது அசைந்திருக்கிறது. முதலீட்டுச் சபையின் கீழ் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்கள், மீரிகமவில் 64 ஏக்கர், விளைவது முழுவதும் ஏற்றுமதிக்கு என்பதுதான் செய்தி. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி பயிரிடுவதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம்.

இந்த யோசனை நேற்று முளைத்ததும் அல்ல. 2022 இல் இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே ஏற்றுமதிக் கஞ்சாவைப் பற்றி மேடைதோறும் பேசினார். அந்த ஆண்டு நவம்பரில் ரணில் விக்கிரமசிங்க சமர்ப்பித்த 2023 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், இதை ஆராய நிபுணர் குழு ஒன்று அமைக்கப்படும் என்ற முன்மொழிவு இருந்தது. 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் டயானா கமகே பாராளுமன்ற ஆசனத்தை இழந்தார். யோசனை ஆசனத்தை இழக்கவில்லை. ஆட்சிகள் மாறியும் அது கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது. டொலர் தட்டுப்பாட்டைக் கண்ட நாட்டில் டொலர் தரும் என்று சொல்லப்படும் பயிரை எந்தக் கட்சியும் எளிதில் கைவிடாது.

2025 செப்டெம்பர் 7, இரவு

எழுத விட்டுப்போனது: "இனிச் சட்டபூர்வம்தானே" என்று பேசும் பையன்களிடம், மீரிகமவைக் காட்டி எந்தப் பொலிஸ் நிலையத்திலும் தப்ப முடியாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கிவிடும். ஹட்டன் வீதியில் மோப்ப நாயுடன் வாகனங்களைச் சோதிப்பார்கள். நாய் பத்திரிகை படிப்பதில்லை.

2025 செப்டெம்பர் 10

"இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, நீங்கள் யார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் மலையகத்தில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சட்டத்தரணி அல்லன். ஆனால் பிரதிவாதிக் கூண்டுக்கும் நீதவானின் மேசைக்கும் இடையில் நின்ற மனிதனுக்கு, சட்டப் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்கள் தெரியும்.

கஞ்சா வழக்கு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் பொலிஸார் பழுப்பு நிறக் காகித உறைகளைக் கட்டாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றிலும் நூல் சுற்றி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு முத்திரை வைத்து, மேலே வழக்கிலக்கமும் எடையும் எழுதியிருக்கும். எடை பல தடவைகளில் மில்லிகிராமில்தான் இருக்கும். பெயர் அழைக்கப்பட்டதும் ஒரு பையன் கூண்டில் ஏறுவான். அநேகமாகக் கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்தவனாகவோ, தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவனாகவோ இருப்பான். குற்றப்பத்திரம் சிங்களத்தில் வாசிக்கப்படும். நான் அதைத் தமிழில் சொல்லி, "குற்றவாளியா, சுற்றவாளியா (குற்றமற்றவனா)?" என்று கேட்பேன். அவன் பின்னால் திரும்பி அம்மாவைப் பார்ப்பான். அம்மா தலையை ஆட்டுவாள். அவன் "குற்றவாளி" என்பான்.

அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றவாளி என்று சொன்னால் வழக்குக்கு வேறு திகதி கொடுக்கப்படும். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவேண்டும். ஒவ்வொரு திகதிக்கும் இருவரின் ஒரு நாள் சம்பளம், பஸ் கட்டணம், சட்டத்தரணிக்கான பணம். குற்றத்தை ஏற்றுக்கொண்டால் தண்டப்பணத்தோடு அன்றே முடிந்துவிடும். பொலிஸார் வேறொருவனின் பொட்டலத்தைத் தன் தலையில் கட்டினார்கள் என்று வெளியே வந்து அழுதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது; விசாரணை நடந்தால்தானே யாருக்கும் தெரியும்.

தண்டப்பணம் கட்டக் காசு இல்லாவிட்டால் சிறை. எனவே அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகும். சில ஆண்டுகள் கழித்து அதே பையன் கட்டாருக்கோ டுபாய்க்கோ போக பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, மறந்துபோன அந்தத் தண்டனை எழுந்து நிற்கும். மில்லிகிராமுக்கு இவ்வளவு எடை உண்டு.

2025 செப்டெம்பர் 13

தலவாக்கலை அன்பர் எழுதியிருப்பதற்குப் பதில். வெள்ளைக்காரன்தான் கஞ்சாவைத் தடை செய்தான், நம் முன்னோர் தடையின்றிப் பயன்படுத்தினார்கள் என்கிறார். பாதி சரி. இலங்கையின் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயர் காலத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதே ஆங்கிலேயர் இந்தியாவில் 1893–94 இல் சணல் (கஞ்சா) போதைப்பொருள் ஆணைக்குழு ஒன்றை அமைத்து, நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்து, மிதமான பாவனையால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை, முழுத் தடை தேவையில்லை, வரி விதித்துக் கட்டுப்படுத்தலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதில் வருமானக் கண்ணோட்டமும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கங்காணிமார் நம் கொள்ளுப்பாட்டன்மாரை இங்கே அழைத்து வந்த அதே காலத்தில், 1845 முதல் ஜமேக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கும் இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். கஞ்சாப் பழக்கம் அந்தத் தீவுக்கு அவர்களோடுதான் போனது. அதே ஜமேக்கா 2015 இல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பவரைக் கைது செய்யாமல் சிறு அபராதத்தோடு விடுகிறது, குற்றப்பதிவும் இல்லை. ஒரே நாட்டிலிருந்து இரண்டு கப்பலில் போனவர்களின் பேரன்மாரில் ஒருவன் அபராதச் சீட்டோடு வீட்டுக்குப் போகிறான். மற்றவன் கூண்டில் ஏறுகிறான்.

முனியாண்டி கோயிலில் சுருட்டும் சாராயமும் படைப்பதையும், சில இடங்களில் அதோடு கஞ்சாவும் வைப்பதையும் அன்பர் சான்றாகக் காட்டுகிறார். நானும் கண்டதுண்டு. ஆனால் படையல் வருடத்துக்கு ஒரு நாள். சாமியின் பாவனை அளவை வைத்து ஆசாமிக்குச் சட்டம் எழுத முடியாது.

2025 செப்டெம்பர் 20

கஞ்சா சேர்த்துச் செய்யும் ஆயுர்வேத மருந்து உருண்டையான மதன மோதகத்தைப் பற்றிக் கொட்டகலை டீச்சர் கேட்டிருக்கிறார். இந்த விவாதத்தில் பலரும் கவனிக்காத மூலை அது.

இலங்கையில் கஞ்சாவுக்குச் சட்டபூர்வமான ஒரு வாசல் ஏற்கனவே இருக்கிறது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பதிவுபெற்ற வைத்தியர்கள் மருந்து தயாரிப்பதற்கு ஆயுர்வேத ஆணையாளரின் ஊடாகக் கஞ்சாவைப் பெறலாம். ஆயுர்வேத மருந்துகள் கூட்டுத்தாபனத்துக்கு அது எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? பொலிஸார் கைப்பற்றி, வழக்கு முடிந்து, நீதிமன்றம் ஒப்படைக்கும் கஞ்சாதான். அதாவது அரசாங்க மருந்துக்கான மூலப்பொருளை வழங்குபவர்கள் கடத்தல்காரர்கள். கொண்டுவந்து சேர்ப்பவர்கள் பொலிஸார். இடையில் சான்றுப்பொருள் அறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து வீரியம் போய்விடுகிறது என்பது வைத்தியர்களின் பழைய முறைப்பாடு. அதனால்தான் ராஜித சேனாரத்ன சுகாதார அமைச்சராக இருந்தபோது, மருந்துக்காக இங்கிரியவில் அரசே பயிரிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

மதன மோதகம் இந்த வாசல் வழியாக வரும் பண்டம். கறுப்பு உருண்டை, தேனும் ஏலக்காயும் மணக்கும், கடித்தால் அடியில் இலைக் கசப்பு தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை வாங்கித் தின்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் உண்டு. டீச்சர் தன் வகுப்பிலேயே கண்டதாக எழுதியிருக்கிறார். மருந்து என்ற பெயரில் திறந்த சிறு வாசலையே வயது பார்த்துக் காவல் காக்க முடியாத நிர்வாகம், பெரிய வாசலைத் திறந்தால் எப்படிக் காக்கும் என்பது அவருடைய கேள்வி. எனக்கு அதற்குப் பதில் இல்லை. கடை வைத்து விற்பதை நான் எதிர்ப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

2025 செப்டெம்பர் 28

இழையின் முதற் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். மலையகத்தில் பயிரிட்டால் என்ன?

முதலில் மண்ணும் மழையும். இந்நாட்டில் கள்ளமாகக் கஞ்சா விளைவது மொனராகலைப் பக்கம், தனமல்வில, சியம்பலாண்டுவ போன்ற உலர் வலயக் காட்டுச் சேனைகளில்தான். மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் படகில் வந்திறங்குவதைக் கேரளக் கஞ்சா என்கிறார்கள். நுவரெலியாவின் மூடுபனியிலும் ஓயாத தூறலிலும் பூ முற்றும் முன்பே பூஞ்சணம் பிடித்துவிடும். பொலித்தீன் கூடாரம் போட்டு வளர்க்கலாம்தான். ஆனால் மருந்துத் தரத்துக்கு வளர்க்க ஆய்வுகூடமும், காவலும், ஒவ்வொரு தொகுதிக்கும் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். மரக்கறித் தோட்டக்காரரால் ஆகிற காரியம் அன்று.

மண்ணைவிடப் பெரிய தடை நினைவு. மலையகம் ஏற்கனவே ஒரு முறை மருந்துப் பயிருக்குப் பின்னால் ஓடிப் பார்த்திருக்கிறது. சிங்கோனாவைச் சொல்கிறேன். மலேரியாவுக்கான கொயினா மருந்தைத் தரும் மரப்பட்டை அது. நுவரெலியாவுக்கு அருகில் இன்று நாம் பூப் பார்க்கப் போகும் ஹக்கல தாவரவியல் பூங்கா, 1861 இல் சிங்கோனாவைப் பரிசோதிப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. துரைமார் தொடக்கத்தில் அதைச் சட்டை செய்யவில்லை. கோப்பி கொழித்துக்கொண்டிருந்த காலம். 1869 இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூசு போல் ஒரு நோய் தென்பட்டது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கோப்பி சாய, தோட்டம் தோட்டமாகச் சிங்கோனா நட்டார்கள். உலகத்துக்கே மருந்து நாம்தான் கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணம் அப்போது இருந்தது. 1880களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து மில்லியன் இறாத்தல் கணக்கில் பட்டை ஏற்றுமதியானது.

அந்த ஏற்றுமதியே விலையைக் கொன்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்து இலண்டன் சந்தையில் கொட்டினார்கள். ஜாவாவில் ஒல்லாந்தர் கொயினா அதிகம் கொண்ட மரவகையைத் தேர்ந்து வளர்த்திருந்தார்கள். நம் பட்டைக்கு மதிப்பு போனது. சில ஆண்டுகளில் சிங்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியது அதற்குள் தயாராக இருந்தது துரைமாரின் அதிர்ஷ்டம்.

அந்தச் சரிவில் தொழிலாளிக்கு என்ன நடந்தது? கோப்பி வீழ்ந்தபோது தோட்டங்கள் கூலிப் பாக்கி வைத்தன. கங்காணியின் கடன் மட்டும் பாக்கி நிற்கவில்லை. பயிர் இரண்டு முறை மாறியது. கோப்பிக்குக் குழி வெட்டியவன்தான் சிங்கோனாவுக்கும் வெட்டினான், தேயிலைக்கும் வெட்டினான், நிலம் ஒரு முறைகூட அவன் பெயருக்கு வரவில்லை. 1992 இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனபோதும் அதுதான் நடந்தது. ஆகவே நான்காவதாக ஒரு பயிர் வந்தால் அதன் இலாபம் நம் பக்கம் வரும் என்று நம்புவதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. மீரிகமவில் நுழைவதற்கே மில்லியன் டொலர் கணக்கில் முதலீடு வேண்டும். பத்துப் பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு நடையாய் நடக்கும் நாம் அந்த வரிசையில் எங்கே நிற்கிறோம்?

2025 செப்டெம்பர் 29

"வேலைவாய்ப்பாவது வருமே" என்று பொகவந்தலாவைத் தம்பி திரும்பவும் கேட்கிறார். வரலாம். கூடாரத்துக்குள் பூப் பறிக்கும் வேலைக்கும் நம் பெண்களைத்தான் தேடுவார்கள். அவர்களின் விரல் அப்படி. எத்தனை கிலோவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு முழு நாட்சம்பளம், என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2025 ஒக்டோபர் 5

வெளிநாடுகளைப் பற்றி எல்லோரும் தத்தமக்குப் பிடித்த பாதியை மட்டும் எழுதுகிறார்கள். நான் அறிந்த அளவில் நிலைமை இதுதான்.

உருகுவே 2013 இல் சட்டம் இயற்றி முதல் நாடானது. கனடா 2018 ஒக்டோபர் 17 முதல் கடைகளில் விற்கிறது. அமெரிக்காவில் கொலராடோவும் வொஷிங்டனும் 2012 இல் வாக்கெடுப்பில் தொடங்கி வைத்தன. இப்போது 24 மாநிலங்களில் அனுமதி உண்டு; மத்திய அரசின் சட்டத்திலோ இன்னும் தடை. ஜேர்மனி 2024 ஏப்ரல் முதலாம் திகதி முதல், வெளியில் 25 கிராம் வைத்திருக்கவும் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் விடுகிறது. கடை வியாபாரத்துக்கு அனுமதி இல்லை. இந்த மூன்று செடி விஷயத்தை வாசித்தபோது, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில், அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையில் மூன்று சட்டிகளை எங்கே வைப்பது என்று யோசித்தேன். வாசலில் வைத்தால் தோட்டத்து ஆடுதான் முதற் பாவனையாளர் ஆகும்.

நமக்கு மிக அருகிலுள்ள பாடம் தாய்லாந்து. 2022 ஜூன் மாதத்தில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள். மக்களுக்கு ஒரு மில்லியன் செடிகள் வழங்குவதாகவும் அறிவித்தார்கள். விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுமையான சட்டம் மட்டும் வரவில்லை. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. பயிரிட்ட சிறு விவசாயிகள் விலை வீழ்ந்து நொந்தார்கள். 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் மீண்டும் கயிற்றை இறுக்கியது. ஹக்கலவில் தொடங்கிய கதையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. கனடாவிலும் பங்குச் சந்தையில் வானளாவ ஏறிய கஞ்சாக் கம்பனிகள் பின்னர் பெரும் நட்டம் கண்டன. விற்க முடியாத சரக்கை அழித்தார்கள். ஏற்றுமதிச் சந்தை நமக்காகக் காத்திருக்கிறது என்று மேடையில் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

2025 ஒக்டோபர் 6

சர்வதேச ஒப்பந்தம் பற்றி ஒரு திருத்தம். "ஐக்கிய நாடுகள் சபை 2020 இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டது" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2020 டிசம்பர் 2 இல் போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்கில், 1961 ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காவது அட்டவணையிலிருந்து மட்டும் அதை நீக்கியது. முதலாவது அட்டவணையில் அது இன்னும் இருக்கிறது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அந்த ஒப்பந்தம் எப்போதும் இடம் கொடுத்தே வந்திருக்கிறது. பயிரிடுவதாயின் அரசின் முகவர் அமைப்பொன்று மேற்பார்வை செய்யவேண்டும் என்பது நிபந்தனை. மீரிகம அந்த இடைவெளிக்குள் அடங்கும். கனடாவின் கடைகள் அடங்கா.

2025 ஒக்டோபர் 11

டிக்கோயா சகோதரி தன் தம்பியைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பதினாறு வயதில் தொடங்கி, பத்தொன்பதில் காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் நிலை. "மூலிகைதானே" என்று இங்கே எழுதுபவர்கள் அதற்குக் கீழே பதில் எழுதாமல் நகர்ந்துவிட்டார்கள்.

1987 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான சுவீடன் ஆய்வு, இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் ஆபத்து ஆறு மடங்காக இருந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் செய்யப்பட்டு 2019 இல் வெளியான இன்னொரு ஆய்வில், வீரியம் கூடிய வகையைத் தினமும் பாவிப்பவர்களுக்கு உளப்பிணி வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார்கள். புகைக்கிற எல்லோருக்கும் வருவதில்லை என்பதும் உண்மை; பரம்பரையில் ஏற்கனவே வித்து இருப்பவர்களுக்கு அது முளைக்கத் தண்ணீர் ஊற்றுகிறது என்பதே மருத்துவர்கள் பலரின் கருத்து. யாருக்கு வித்து இருக்கிறது என்று முன்கூட்டியே எவராலும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சாவிலிருந்து பிரித்த கன்னபிடியோல் மருந்து, குழந்தைகளின் சில கொடிய வலிப்பு நோய்களுக்கு அமெரிக்காவில் 2018 இல் அங்கீகாரம் பெற்றது. அது போதை தராத கூறு. மருந்து வேறு, புகை வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை விற்கவும் கூடாது; மற்றதைக் காட்டி இதை மறுக்கவும் கூடாது.

சகோதரிக்கு: தம்பியைச் சாமி பார்க்க அழைத்துப்போவதைத் தடுக்கவில்லை, ஆனால் முதலில் அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே நோயாளியாகத்தான் பார்ப்பார்கள். வழக்குக்குப் பயந்துதான் இவ்வளவு நாள் தாமதித்தோம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே, பாவிப்பவனைக் குற்றவாளியாக்கும் சட்டம் மாறவேண்டும் என்கிறேன்.

2025 ஒக்டோபர் 21

தீபாவளிக்கு மறுநாள் எழுதுகிறேன். நேற்று மாலை எங்கள் பக்கத்து டிவிஷனில் தீபாவளி முற்பணத்தில் பாதி எங்கே போனது என்பது வீதியில் படுத்திருந்தவர்களைப் பார்த்தாலே தெரிந்தது. மலையகத்தின் உண்மையான போதைப் பிரச்சினை சாராயமும் கசிப்பு என்னும் கள்ளச் சாராயமும்தான். கஞ்சாவின் பங்கு அதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியதும் அல்ல. மதுபானக் கடை போயா தினத்தில் பூட்டியிருந்தால் அன்று கசிப்புக்காரனுக்கு வாய்ப்பு.

இதை எழுதியதும், "பார்த்தீர்களா, சாராயம்தானே கெடுதல், ஆகவே கஞ்சாவையும் விற்கலாம்" என்று கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கச் சொல்பவர்கள் வரப்போகிறார்கள். நான் அதே சான்றிலிருந்து எதிர் முடிவுக்கு வருகிறேன். சட்டபூர்வமாக விற்கும் போதைப்பொருள் ஒன்று ஏழைத் தொழிலாளர் குடியிருப்பை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளக் கனடாவுக்குப் போகத் தேவையில்லை. நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பரிசோதனை நம் தோட்டங்களில் நடக்கிறது. திறைசேரி கலால் வரிக்குப் பழகிவிட்டால், பிறகு எந்த அரசாங்கமும் குடிப்பவன் குறைவதை மனமார விரும்பாது. உரிமப்பத்திரம் யாருக்குப் போகிறது என்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

2025 ஒக்டோபர் 26

ஒருவர் என்னைக் "கஞ்சாக்காரர்களின் வக்கீல்" என்கிறார். அவருக்கு நேர் கீழே இன்னொருவர் "பொலிஸின் ஆள்" என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசிவிட்டு, முடிவை எனக்கு அறிவித்தால் நன்று.

2025 ஒக்டோபர் 27

"பாவிப்பவனை விட்டுவிடு, விற்பவனைப் பிடி என்கிறீர்கள். அப்படியானால் பாவிப்பவன் யாரிடம் வாங்குவான்?" என்ற கேள்வியை நானும் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நெதர்லாந்து 1976 முதல் இந்த முரண்பாட்டோடு வாழ்கிறது: கடையின் முன்வாசலில் விற்றால் பொலிஸ் கண்டுகொள்ளாது, பின்வாசலில் சரக்கு வந்து இறங்கினால் குற்றம். அழகான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன்.

போர்த்துக்கல் எனக்குக் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. 2001 முதல், பத்து நாள் பாவனைக்குட்பட்ட அளவோடு பிடிபடுபவன் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு குழுவின் முன் போகிறான்; அதில் சட்டம் தெரிந்தவரும், உளநலம் அல்லது சமூக சேவை தெரிந்தவரும் இருப்பார்கள். பொருள் தடைசெய்யப்பட்டதாகவே இருக்கிறது. மனிதன் மட்டும் குற்றவாளி ஆவதில்லை. நமக்கு இது அந்நியமும் அல்ல. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை என்ற ஏற்பாடு இங்கே இருக்கிறது. சிறைக்கோ தண்டப்பணத்துக்கோ பதிலாகச் சமூக வேலையும் ஆலோசனையும் விதிக்கலாம். நான் பணியாற்றிய காலத்தில் அப்படிக் கட்டளை பெற்ற பையன்கள் கோயில் வளவையும் வைத்தியசாலை முற்றத்தையும் கூட்டினார்கள்; முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு கூட்டினார்கள், ஆனால் வீட்டில் ஒருவரின் தோடும் போகவில்லை. ஆலோசனைதான் பெயரளவில் இருந்தது. தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் போதாது என்பது பழைய கதை.

2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது இதற்கு நேரெதிர்த் திசையில் போனோம். தினமும் காலையில் நேற்றைய கைது எண்ணிக்கையை வானொலியில் சொன்னார்கள். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கைக்குள் பெரிய வியாபாரி எத்தனை பேர், பழுப்பு உறைப் பையன் எத்தனை பேர் என்று யாராவது பிரித்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

2025 நவம்பர் 9

நேற்று முன்தினம் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக உயரும் என்றும், வரவுக் கொடுப்பனவாக அரசாங்கம் 200 ரூபாய் சேர்த்து 1,750 ஆக்கும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. "சம்பளம் கூடுகிறது, இனி யாருக்குக் கஞ்சாப் பயிர் வேண்டும்?" என்று ஒருவர் கேலியாகக் கேட்கிறார். கேலி இருக்கட்டும். கொழுந்தின் எடை குறைந்தால் அந்த 1,750 எத்தனை நாளுக்குக் கையில் வரும் என்பது வேறு கணக்கு. ஆனால் நான் முன்பு எழுதிய தண்டப்பணத்தை இந்தச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். கொழும்பில் காரில் வருபவனுக்கும் மருந்துக் கேனைத் தோளில் சுமப்பவனுக்கும் சட்டம் ஒரே தொகையை விதித்தாலும், ஒருவனுக்கு அது ஒரு சாப்பாட்டுச் செலவு, மற்றவனுக்கு வீட்டின் பல நாள் அரிசி.

2025 நவம்பர் 15

இனி என்ன நடக்கும் என்று கேட்டவர்களுக்கு என் கணிப்பு. கணிப்பு என்பதற்கு மேல் இதற்கு மதிப்பில்லை.

ஏற்றுமதிப் பயிர் சில காலம் நடக்கும். உளநல வைத்தியர்களின் எதிர்ப்பும் மதத் தலைவர்களின் எதிர்ப்பும் தொடரும்; அரசாங்கம் "வேலிக்கு வெளியே ஓர் இலையும் போகாது" என்று பதில் சொல்லும். விலை நின்றால் வேறு மாவட்டங்களும் கேட்கும். விலை விழுந்தால் வேலி மட்டும் மிஞ்சும். ஆயுர்வேதத்துக்கு முறையான விநியோகம் ஒன்று அமைக்கப்படலாம். அது நீண்ட காலம் காத்திருக்கும் நியாயமான கோரிக்கை. உள்நாட்டில் கடை திறப்பது என் காலத்தில் நடக்காது. நடக்கவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. ஐஸ் போதைப்பொருள் ஊருக்குள் வந்த பிறகு பொதுமக்களின் பொறுமை எல்லாப் போதைக்கும் சேர்த்தே குறைந்துவிட்டது. 2022 இல் ஐஸுக்கு மரண தண்டனை வரை சட்டம் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூழ்நிலையில் எந்த அரசியல்வாதியும் "புகைப்பவனைத் தண்டிக்காதே" என்று மேடையில் சொல்லத் துணியமாட்டார்.

எனவே மலையகப் பிரதிநிதிகளிடம் கேட்கக்கூடியதைக் கேட்போம். ஒரு குறிப்பிட்ட கிராமுக்குக் கீழே தண்டப்பணத்துக்கு முன் சீர்திருத்தக் கட்டளையை நீதவான் பரிசீலிக்கவேண்டும் என்று சட்டத்தில் எழுதச் சொல்லலாம். முதல் தடவை அகப்பட்டவனின் பதிவு சில ஆண்டுகளில் அழியவேண்டும். தமிழ் பேசும் ஆலோசகர்களை நியமிக்கவேண்டும். இந்த மூன்றுக்கும் மேடைத் துணிச்சல் தேவையில்லை. ஒரு திருத்தச் சட்டமூலமும் கொஞ்சம் பணமும் போதும். டீச்சர் ஒரு மனு வரைந்து அனுப்பியிருக்கிறார். அதில் மொழியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2025 நவம்பர் 16

மனுவில் கையொப்பமிட விரும்புவோர் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் மட்டும் எழுதினால் போதும். அடையாள அட்டை இலக்கத்தை இங்கே பொதுவில் இடவேண்டாம். பொகவந்தலாவைத் தம்பி தன் டிவிஷனில் பிரதி எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றைய தோட்டங்களில் யார் செய்யலாம் என்று கீழே எழுதுங்கள்.